செல்ஃப் எந்த டிபார்ட்மென்ட்?

நேரா விஷயத்துக்கு வர்றேன். குளிர் காலையில கார் ஸ்டார்ட் பண்ணும்போது கரகரன்னு ஒரு சத்தம் வந்தா, அதுக்கு நம்ம பக்கம் ரெண்டே பதில்தான் கிடைக்குது. ஒண்ணு, "குளிர்ல அப்படித்தான் கத்தும், விடுங்க." இன்னொண்ணு, "செல்ஃப் போச்சு சார், புதுசு மாத்திடுங்க." முதல் பதில் காதைப் பொத்திக்கச் சொல்லுது. ரெண்டாவது பதில் பர்ஸைத் திறக்கச் சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வேலை இருக்கு: கோளாறு எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கிறது. அந்த வேலைக்குப் பேர்தான் இன்ஜினியரிங்னு நான் நினைக்கிறேன். ஆனா நாலு வருஷத்துல எட்டு செமஸ்டர் முடிக்கப் போற நம்மள்ல எத்தனை பேருக்கு அதைச் செய்யத் தெரியும்? அதைச் சொல்லித் தர்ற பேப்பர் எது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பத்தித்தான்.

முதல்ல பேரைப் பத்தி ஒரு வார்த்தை. புத்தகத்துல அது 'ஸ்டார்ட்டர் மோட்டார்'. ஒர்க்ஷாப்ல அது 'செல்ஃப்'. "செல்ஃப் அடி", "செல்ஃப் எடுக்கல", "செல்ஃப் இழுவையா இருக்கு". இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நான், இது ஏதோ நம்ம ஆளுங்க பாதியா வெட்டிப் பேசற இங்கிலீஷ்னுதான் ரொம்ப நாள் கேட்டுட்டிருந்தேன். விஷயம் வேற. 1911-ல சார்ல்ஸ் கெட்டரிங் மின்சாரத்துல இன்ஜினைச் சுத்தவைக்கிற ஏற்பாட்டை உருவாக்கினார். 1912 மாடல் காடிலாக் கார்ல அது வந்தது. அதுவரைக்கும் முன்னாடி நின்னு கைப்பிடி போட்டுச் சுத்தணும். இன்ஜின் பின்னடிச்சா மணிக்கட்டு உடையும். கை இல்லாம தானே கிளம்புதுங்கிறதால அதுக்கு 'செல்ஃப் ஸ்டார்ட்டர்'னு பேர் வந்தது. இங்கிலீஷ்காரங்க பின்னாடி அந்த 'செல்ஃப்'-ஐ விட்டுட்டாங்க. நம்ம பட்டறை அதைப் பத்திரமா வச்சிருக்கு. 'பெண்டிக்ஸ்'னு சொல்ற பாகமும் அப்படித்தான். அது வின்சென்ட் பெண்டிக்ஸ்ங்கிற மனுஷரோட பேர். இன்னிக்கு இருக்கிற அமைப்பு அவர் வடிவமைச்சதே இல்ல, ஆனாலும் பேர் நிலைச்சிருச்சு. பட்டறைப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

குளிர் என்ன செய்யுது?

என் ஊர் ஊட்டி. கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில உறைபனி விழும். தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில புல்லெல்லாம் வெள்ளையா இருக்கும். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நிக்கும், சில நாள் அதுக்கும் கீழ போகும். எங்க அப்பா டூரிஸ்ட் கார் ஓட்டுறார். சென்னையிலிருந்து வர்ற நீலகிரி எக்ஸ்பிரஸ்ல இறங்கற ஆளுங்களை ஏத்திக்க மேட்டுப்பாளையம் போகணும்னா, வீட்டுல இருந்து நாலு மணிக்கெல்லாம் கிளம்பணும். ராத்திரி முழுக்க வெளியில நின்ன கார். ஒரு நாள்ல மிகக் குளிரான நேரம். அந்த நேரத்துல செல்ஃப் எடுக்கலன்னா அன்னிக்கு வாடகை போச்சு. அதோட நிக்காது; ட்ரிப் கொடுத்த ஏஜென்ட் அடுத்த தடவை வேற நம்பருக்குப் போன் போடுவார். அதனால எங்க வீட்டுல இது சத்தப் பிரச்சினை கிடையாது, வருமானப் பிரச்சினை.

இப்ப பாடத்துக்கு வருவோம். குளிர் ஒரே நேரத்துல மூணு இடத்துல கை வைக்குது.

முதல் இடம் பேட்டரி. உள்ளே நடக்கிறது ரசாயன வினை. குளிர்ல அது மந்தமாகும், உள் மின்தடை ஏறும். அதனாலதான் பேட்டரி மேல சி.சி.ஏ.-ன்னு ஒரு எண் போடறாங்க. பூஜ்யத்துக்குக் கீழ 18 டிகிரி செல்சியஸ்ல, 30 விநாடி நேரம், 7.2 வோல்ட்டுக்குக் கீழ இறங்காம எத்தனை ஆம்பியர் கொடுக்க முடியும்ங்கிறதுதான் அந்த எண். ஊட்டி அவ்வளவு குளிராது. ஆனா வயசான பேட்டரிக்கு பூஜ்யம் டிகிரியே போதும்.

ரெண்டாவது இடம் இன்ஜின் ஆயில். குளிர்ல அது கெட்டியாகும், இன்ஜினைச் சுத்த அதிக டார்க் வேணும். ஆயில் டப்பா மேல 20டபிள்யூ-50, 5டபிள்யூ-30ன்னு போட்டிருக்கும். அந்த 'டபிள்யூ' விண்டரைக் குறிக்குது. அதுக்கு முன்னாடி இருக்கிற எண் சின்னதா இருந்தா, குளிர்ல அந்த ஆயில் சுலபமா ஓடும்.

மூணாவது இடத்தைத்தான் யாரும் பேசறதில்ல: செல்ஃபுக்கு உள்ள இருக்கிற கிரீஸ். கீயைத் திருப்பினதும் முதல்ல சோலனாய்டு இழுக்குது. அது ஒரு ஃபோர்க்கைத் தள்ளி, பெண்டிக்ஸ் முனையில இருக்கிற சின்ன பினியனை ஷாஃப்ட் மேல நகர்த்தி, ஃப்ளைவீல் ரிங்கோட பல்லுல கோர்க்குது. கோர்த்த பிறகுதான் பெரிய கரன்ட் மோட்டாருக்குப் போகணும். இந்த வரிசை முக்கியம். ஷாஃப்ட்ல இருக்கிற பழைய கிரீஸ், கார்பன் தூள், கிளட்ச் தூள் எல்லாம் சேர்ந்து இறுகிப்போயிருந்தா, குளிர்ல பினியன் தயங்கித் தயங்கி நகரும். பல்லு சரியா கோர்க்கிறதுக்குள்ள மோட்டார் சுத்த ஆரம்பிச்சா, அதான் அந்தக் கரகர. இன்ஜின் பிடிச்ச பிறகு பினியன் திரும்பி வரவும் தாமதமானா, அதான் 'கீ'ன்னு ஒரு கீச்சல்.

அந்தக் கீச்சல் ஏன் ஆபத்துன்னு ஒரு சின்னக் கணக்கு. பினியனுக்கும் ரிங்குக்கும் பல் விகிதம் சாதாரணமா 1-க்கு 10 முதல் 15 வரை இருக்கும். 11-ன்னு வச்சுக்குவோம். இன்ஜின் 1,000 ஆர்பிஎம்ல ஓட ஆரம்பிச்சதும், இன்னும் விலகாத பினியன் 11,000-ல சுத்தும். அந்த வேகம் ஆர்மேச்சருக்குப் போகாம தடுக்கத்தான் பெண்டிக்ஸுக்குள்ள ஒரு ஒருவழி கிளட்ச் இருக்கு. தினமும் ரெண்டு மூணு விநாடி அது கத்துதுன்னா, அந்த கிளட்ச்சோட ஆயுளைத் தினமும் கொஞ்சம் செலவு பண்றோம்னு அர்த்தம். "குளிர்ல அப்படித்தான்"ங்கிற பதில் இந்த இடத்துல அடிபட்டுப்போகுது. குளிர் கோளாறை உண்டாக்கல, ஏற்கெனவே இருந்த கோளாறைக் காட்டிக் கொடுக்குது. பத்து மணிக்கு வெயில் வந்ததும் சத்தம் நின்னா கோளாறு போயிடுச்சுன்னு இல்ல, அது ஒளிஞ்சுகிட்டிருக்கு.

சத்தம் ஒரு டேட்டா

நாம எல்லாரும் மெஷின் லேர்னிங் கோர்ஸ் ஒண்ணாவது முடிச்சிருக்கோம். வைப்ரேஷன் சிக்னலை வச்சு பேரிங் கோளாறு கண்டுபிடிக்கிற பைனல் இயர் ப்ராஜெக்ட் வருஷா வருஷம் எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டு டீமாவது பண்றாங்க. நல்லதுதான். ஆனா அந்த வேலையைக் காதால செய்யற மனுஷங்க பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்துல உக்காந்திருக்காங்க. அவங்க வகைப்படுத்தறது இப்படி இருக்கும்.

ஒரே ஒரு 'டக்', அதுக்கு மேல ஒண்ணுமில்ல: சோலனாய்டு இழுக்குது, ஆனா மோட்டாருக்குக் கரன்ட் போகல. உள்ள இருக்கிற கான்டாக்ட் கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ஞ்சிருக்கலாம், டெர்மினல் லூஸா இருக்கலாம்.

'டக்டக்டக்'னு வேகமா: பேட்டரி வீக், இல்லன்னா டெர்மினல்ல பூ பூத்திருக்கு. கான்டாக்ட் மூடினதும் வோல்டேஜ் சரிஞ்சு சோலனாய்டு விட்டுடுது. விட்டதும் வோல்டேஜ் ஏறி மறுபடி இழுக்குது. அந்தச் சுழற்சிதான் காதுல விழற சத்தம்.

'உய்ங்'னு மோட்டார் மட்டும் சுத்துது, இன்ஜின் அசையல: பினியன் கோர்க்கல, இல்ல ஒருவழி கிளட்ச் வழுக்குது.

'கரகர'ன்னு உரசல்: பல்லோடு பல் மோதுது. ஷாஃப்ட்ல அழுக்கு, புஷ் தேய்மானம், மவுண்டிங் போல்ட் லூஸ், இல்லன்னா ரிங் பல்லே தேய்ஞ்சது.

ஸ்டார்ட் ஆன பிறகு கீச்சல்: பினியன் திரும்பத் தாமதம், அல்லது புஷ் காய்ஞ்சிருக்கு. ஆனா கீச்சல் பத்து விநாடிக்கு மேல நீடிச்சு, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா மாறுதுன்னா அது செல்ஃபே இல்ல. ஃபேன் பெல்ட்டா இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் பாரம் ஏறும், தளர்ந்த பெல்ட் வழுக்கிக் கத்தும். இதுக்காக செல்ஃபை மாத்தினவங்க எத்தனை பேரோ!

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கரகர சத்தம் ஒரு நாள் வருது, மறுநாள் வரலன்னா அதுக்கும் காரணம் உண்டு. இன்ஜினை ஆஃப் பண்ணும்போது அது எங்கேயோ கண்டபடி நிக்காது. ஏதோ ஒரு சிலிண்டரோட கம்ப்ரெஷன் தடுக்கிற இடத்துல நிக்கும். நாலு சிலிண்டர் இன்ஜின்னா ரிங்ல பெரும்பாலும் எதிரெதிரா ரெண்டு இடம், மூணு சிலிண்டர்னா மூணு இடம். வருஷக்கணக்கா பினியன் அந்த இடங்கள்ல வந்தே இடிக்கிறதால, ரிங்கும் அந்த இடங்கள்லயே தேயும். அதனால சத்தம் விட்டு விட்டு வருதுன்னா, முதல்ல ரிங்கைச் சந்தேகப்படணும். டைனமிக்ஸ் கிளாஸ்ல ஃப்ளைவீல் டர்னிங் மொமென்ட் டயகிராம் போட்டோமே, ஞாபகம் இருக்கா? பரீட்சைக்குப் பதினாறு மார்க் கேள்வியா மட்டும் பார்த்த அந்தப் படம் இங்கே பல்லுத் தேய்மானமா வந்து நிக்குது.

எங்க கார்ல நடந்தது

போன ஜனவரியில அப்பா காருக்குக் கரகரவும் கீச்சலும் சேர்ந்து வந்தது. நாலு சிலிண்டர் டீசல் வண்டி. ஒரு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போனோம். போய்ச் சேர்றதுக்குள்ள இன்ஜின் சூடாயிடுச்சு. அவங்க முன்னாடி அது நல்ல பிள்ளையா ஸ்டார்ட் ஆச்சு. அட்வைசர் தம்பி டேப்லெட்ல பார்த்துட்டு, "ஸ்டார்ட்டர் அசெம்ப்ளி ரீப்ளேஸ் பண்ணிடலாம் சார்"னு ஒரு எஸ்டிமேட் கொடுத்தார். கழட்டிப் பார்த்தீங்களான்னு கேட்டா, "அதெல்லாம் ஓப்பன் பண்ண மாட்டோம் சார், அசெம்ப்ளியாத்தான் வரும்." அப்பா என்னைப் பார்த்தார். "நீ மெக்கானிக்கல்தானே? உனக்கு என்ன தோணுது?"

நான் சொல்லக்கூடியது என்ன இருந்தது? ஹெலிகல் கியருக்கும் ஸ்பர் கியருக்கும் வித்தியாசம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒரு செல்ஃபை நான் அதுவரைக்கும் கையில தொட்டதில்ல. அன்னிக்கு ராத்திரி ட்ரிபிள் ஈ படிக்கிற என் ரூம்மேட்டுக்குப் போன் போட்டேன். "அது டிசி சீரிஸ் மோட்டார்டா, ஸ்டார்ட்டிங் டார்க் அதிகம், கரன்ட்டோட ஸ்கொயருக்கு ப்ரொப்போஷனல்"னு கிராஃபோட சொன்னான். "அது ஏன்டா கத்துது?"ன்னு கேட்டேன். "அது உங்க டிபார்ட்மென்ட் மச்சி"ன்னான்.

அடுத்த நாள் அப்பாவோட பழைய எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட வண்டியை ராத்திரியே விட்டுட்டு வந்துட்டோம். காலையில குளிர்லயே அவரே ஸ்டார்ட் பண்ணிக் கேட்கணும்ங்கிறது அவர் போட்ட ஒரே கண்டிஷன். யோசிச்சுப் பாருங்க: கோளாறு எந்தச் சூழ்நிலையில வருதோ அதே சூழ்நிலையில பரிசோதிக்கணும். எக்ஸ்பெரிமென்ட் டிசைன்ல முதல் பாடம் இது. அவர் அந்தப் பேப்பர் படிச்சதில்ல.

முதல்ல அவர் செல்ஃபைத் தொடவே இல்ல. மல்டிமீட்டரை எடுத்தார். ராத்திரி நின்ன பேட்டரி 12.5 வோல்ட் காட்டுச்சு, பரவாயில்ல. அப்புறம் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் மேலயும் இன்னொண்ணை இன்ஜின் உடம்பு மேலயும் வச்சு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும், அரை வோல்ட்டுக்கு மேல போனாலே சந்தேகம். எர்த் வயர் இன்ஜினோட சேர்ற இடத்துல துரு. இதை நாமளே கணக்குப் போடலாம். இந்த மாதிரி வண்டி செல்ஃப் அடிக்கும்போது 200 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்கங்க. ஜாயின்ட்ல வெறும் 0.01 ஓம் மின்தடை இருந்தா, ஓம் விதிப்படி 2 வோல்ட் அங்கேயே போயிடும். 400 வாட் துருவைச் சூடாக்கவே செலவு. பன்னிரண்டு வோல்ட்ல, அதுவும் குளிர்ல ஏற்கெனவே சரிஞ்ச வோல்டேஜ்ல, ரெண்டு போனா மோட்டாருக்கு என்ன மிஞ்சும்?

அப்புறம்தான் பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, செல்ஃபை இறக்கினார். ஷாஃப்ட்ல கறுப்பா, தார் மாதிரி பழைய கிரீஸ். முன் பக்கத்துப் புஷ் தேய்ஞ்சு ஷாஃப்ட் ஆடுச்சு. கார்பன் பாதிக்கு மேல இருந்தது. ஆர்மேச்சரைச் சோதிச்சார், நல்லா இருந்தது. ரிங் பல்லை டார்ச் அடிச்சுப் பார்த்தார், ஓரத்துல லேசா தேய்மானம், ஆனா உடையல. ஷாஃப்டைச் சுத்தம் பண்ணி, புதுப் புஷ் போட்டு, குளிர்லயும் இறுகாத கிரீஸ் விரல் நுனி அளவு மட்டும் தடவினார். பெண்டிக்ஸைத் துணியால துடைச்சார், பெட்ரோல்ல போடல. "முக்கிப் போட்டா உள்ள கம்பெனியில வச்ச கிரீஸ் கரைஞ்சு போயிடும் தம்பி, அப்புறம் ரோலர் பிடிக்காது" என்றார். எர்த் ஜாயின்ட்டை எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு முறுக்கினார். மொத்தச் செலவு, சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்ல பத்துல ஒரு பங்கு கூட வரல. கரகர நின்னுச்சு, கீச்சலும் நின்னுச்சு.

எதிர்த்தரப்பும் பேசணும்

இதைப் படிச்சிட்டு, சர்வீஸ் சென்டர்காரங்க எல்லாம் ஏமாத்தறாங்கன்னு நான் சொல்றதா எடுத்துக்க வேண்டாம். அவங்க பக்கம் நியாயம் இருக்கு. செல்ஃபைத் திறந்து புஷ் மாத்தி மூட அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கு ஒரு பே-யும் ஒரு டெக்னீஷியனும் மாட்டிக்கிறாங்க. புது அசெம்ப்ளின்னா ஒரு மணி நேரம், அதுக்கு வாரன்ட்டியும் உண்டு. ரிப்பேர் பண்ணிக் கொடுத்து ரெண்டு மாசத்துல மறுபடி போனா கஸ்டமர் அவங்களைத்தான் கேட்பார். தவிர, மாத்தியே ஆகவேண்டிய கேஸும் இருக்கு: ஆர்மேச்சர் வைண்டிங் ஷார்ட் ஆனது, கம்யூட்டேட்டர் கருகிப்போனது, உள்ளே காந்தம் விரிசல் விட்டது. ரிங் பல் உடைஞ்சிருந்தா கியர்பாக்ஸையே இறக்கணும், அது வேற கதை. மோசமான கையில ரிப்பேர் பண்றதைவிட நல்ல புது செல்ஃப் மேல்.

என் எதிர்ப்பு மாத்தறதுக்கு இல்ல. பார்க்காம மாத்தறதுக்கு. எங்க கார்ல புது செல்ஃப் போட்டிருந்தா சத்தம் கொஞ்ச நாள் நின்னிருக்கும். ஆனா எர்த் துரு அப்படியே இருந்திருக்கும். அடுத்த குளிர்ல "பேட்டரி மாத்திடுங்க"ன்னு வந்திருக்கும். பாகத்தை மாத்தற ஒவ்வொரு தடவையும் கோளாறு வேற பேர்ல திரும்பி வரும், பில்லும் வேற பேர்ல வரும்.

பட்டறைப் பழக்கம் எல்லாமே சரின்னும் நான் சொல்லல. செல்ஃப் எடுக்கலன்னா ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டுவாங்க பாருங்க, அது பழைய வண்டிக்கு ஓகே. இப்ப சின்னக் கார்கள்ல வர்ற பல செல்ஃப்ல சீரிஸ் வைண்டிங்கே கிடையாது, உள்ளே நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கு. தட்டினா காந்தம் விரிசல் விடும். நம்ம சிலபஸ் இன்னமும் "சீரிஸ் மோட்டாரின் பயன்பாடுகள்: கார் ஸ்டார்ட்டர்"னு எழுதச் சொல்லுது. ஆக, பட்டறையும் அப்டேட் ஆகணும், சிலபஸும் அப்டேட் ஆகணும். ரெண்டும் சந்திச்சாத்தானே நடக்கும்?

அதே மாதிரி எங்க ஊர்ல ராத்திரி வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி, காலையில உருட்டி கியர் போட்டு எடுக்கிற பழக்கம் உண்டு. அவசரத்துக்கு சரி. தினமும் பண்ணா, பெட்ரோல் வண்டியில எரியாத எரிபொருள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேரும். அதைவிட முக்கியம், இன்ஜின் ஓடாத நேரத்துல பிரேக்குக்கு பூஸ்டர் உதவி சீக்கிரமே தீர்ந்துபோகும், பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். மலை ரோட்டுல இது விளையாட்டு இல்ல.

இது எந்த டிபார்ட்மென்ட்?

இப்ப என் உண்மையான புகாருக்கு வர்றேன். செல்ஃபைப் பிரிச்சு மேசையில வச்சா என்ன இருக்கு? மோட்டார், அது ட்ரிபிள் ஈ. பினியன், ரிங், ஒருவழி கிளட்ச், அது மெக்கானிக்கல். கிரீஸ், தேய்மானம், அது ட்ரைபாலஜி, எங்க காலேஜ்ல எலக்டிவ், ஆள் சேராததால நடக்கவே இல்ல. பேட்டரி கெமிஸ்ட்ரி, அது ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு யூனிட், மனப்பாடம் பண்ணி மறந்தாச்சு. மல்டிமீட்டர் பிடிக்கிறது இசிஇ லேப். ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருத்தர் சிலபஸ்ல இருக்கு. மொத்தமா யார்கிட்டயும் இல்ல. அதனால "அது உங்க டிபார்ட்மென்ட் மச்சி"ன்னு என் ஃப்ரெண்ட் சொன்னது அவன் குத்தம் கிடையாது. நம்மளை அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்காங்க. ஆனா கோளாறுக்கு டிபார்ட்மென்ட் தெரியாது. எங்க கார்ல கரகரவுக்குக் காரணம் பாதி கிரீஸ், பாதி புஷ், பக்கத்துல ஒரு துருப்பிடிச்ச எர்த். மூணையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு ஆள் தேவைப்பட்டார். அவருக்கு டிகிரி இல்ல.

"எலக்ட்ரிக் கார் வந்தாச்சு, இனி செல்ஃபே இருக்காது, இதை எதுக்குப் படிக்கணும்?"னு ஜூனியர் ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. எலக்ட்ரிக் கார்ல செல்ஃப் இல்லதான். ஆனா அதுலயும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கு; அது செத்தா பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் கார் கண்ணே திறக்காது. ஒரு ஜாயின்ட்ல 0.01 ஓம் என்ன பண்ணும்ங்கிற கணக்கு அங்கேயும் அதே கணக்கு. கரன்ட் இன்னும் அதிகம், அதனால சூடும் இன்னும் அதிகம். செல்ஃப் நாளைக்கு மியூசியத்துக்குப் போகலாம். கோளாறைத் தேடற முறை போகாது.

அதனால மூணு விஷயம் கேட்கிறேன். பெரிய பட்ஜெட் வேண்டாம்.

ஒண்ணு, பழைய இரும்புக்கடையில எடைக்குக் கிடைக்கிற செல்ஃபுகள் பத்து வாங்கி, மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ, இசிஇ கலந்த நாலு பேர் டீமுக்கு ஒண்ணு கொடுங்க. பிரிக்கணும், கோளாறு என்னன்னு எழுதணும், மூடிச் சுத்தவைக்கணும். ரெக்கார்டு நோட்ல படம் வரையற வேலை வேண்டாம்.

ரெண்டு, கெஸ்ட் லெக்சருக்கு கார்ப்பரேட் ஆளுங்களைக் கூப்பிட்டு சால்வை போடறோம். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்க. அதே சால்வை, அதே ஹானரேரியம். பிபிடி கேட்காதீங்க. ஒரு வண்டி கொடுங்க போதும்.

மூணு, ஐவி. வருஷா வருஷம் ஐவின்னு சொல்லி எங்க ஊருக்கு பஸ் பஸ்ஸா வர்றீங்க. டீ ஃபேக்டரியில ஒரு மணி நேரம், மீதி போட் ஹவுஸ்ல செல்ஃபி. ஒரே ஒரு காலை அஞ்சு மணிக்கு எழுந்து டாக்சி ஸ்டாண்டுக்கு வாங்க. வரிசையா முப்பது வண்டி செல்ஃப் அடிக்கும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா கத்தும். அதுக்கு ஈடான அக்கூஸ்டிக்ஸ் லேப் எந்த யூனிவர்சிட்டியிலயும் இல்ல.

காலேஜ் செய்யற வரைக்கும் நாம காத்திருக்கவும் வேண்டியதில்ல. உங்க வீட்டுல கார் இருந்தா இந்த லீவுல இதைப் பண்ணிப் பாருங்க. ராத்திரி நின்ன வண்டியை காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது போனை பானட் பக்கத்துல வச்சு ரெக்கார்டு பண்ணுங்க; மெக்கானிக்கிட்ட சூடான வண்டியைக் காட்டறதைவிட அந்த ரெக்கார்டிங் நூறு மடங்கு உதவும். டீசல் வண்டின்னா கீயை ஆன்ல வச்சு ஹீட்டர் லைட் அணையற வரைக்கும் பொறுத்து அடிங்க. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல அடிக்காதீங்க, அரை நிமிஷமாவது விட்டு அடுத்தது. டெர்மினல், எர்த் ரெண்டையும் பாருங்க. செல்ஃப்ல கை வைக்கிறதா இருந்தா நியூட்ரல், ஹேண்ட்பிரேக், அதுக்கப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழட்டியே ஆகணும். செல்ஃபுக்குப் போற தடி வயர்ல பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. கீ ஆஃப்ல இருந்தாலும் அதுல கரன்ட் இருக்கும், ஸ்பேனர் உடம்புல பட்டா வெல்டிங்தான். மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டி வைங்க.

இதுக்கெல்லாம் மார்க் கிடையாது, சர்ட்டிஃபிகேட் கிடையாது, லிங்க்டின்ல போட்டா லைக்கும் அதிகம் விழாது. ஆனா இன்னும் நாலு மாசத்துல நம்ம பேருக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து ஒட்டப் போகுது. அதுக்கப்புறம் வீட்டுல யாராவது ஒரு மெஷினைக் காட்டி "உனக்கு என்ன தோணுது?"ன்னு கேட்பாங்க. அப்ப "அது என் டிபார்ட்மென்ட் இல்ல"ன்னு சொல்ற உரிமை நமக்கு இல்லங்கிறதுதான் என் கருத்து.